காருக்குள் ஈரம்

ஒரு வாரமாகக் கார் கதவைத் திறந்தாலே பூஞ்சை வாடை. மேட் காய்ந்துதான் இருந்தது. சந்தேகப்பட்டு கார்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் ஸ்பாஞ்சை அழுத்தினேன். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது! மனசே கலங்கிவிட்டது.

இப்படி ஈரம் தெரிந்தால் முதலில் அதைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஹீட்டரில் கசிவு, தள்ளிப்போட வேண்டாம். மழையே இல்லாமல் ஏசி போட்ட பிறகு முன் இருக்கைக் காலடியில் வெறும் தண்ணீர் சேர்ந்தால், பெரும்பாலும் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு.

என் காரில் மழைக்குப் பிறகுதான் நனைந்தது. அதனால் தம்பியை வெளியே ஹோஸ் பிடிக்கச் சொல்லி, நான் உள்ளே டார்ச்சோடு டேஷ்போர்டுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். கீழிருந்து மேலாக, மெதுவாக, ஓரிடத்தில் சில நிமிடமாவது தண்ணீர் விட வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும், வழி எது என்று பிடிபடாது. கதவு, கண்ணாடி ரப்பர் எல்லாம் சரி. வைப்பருக்குக் கீழே விட்டதும் சொட்ட ஆரம்பித்தது. அங்கிருக்கும் வடிகால் துளையை மட்கிய இலைகள் அடைத்திருந்தன; தேங்கிய தண்ணீர் காற்று வரும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசை எதுவும் தேவைப்படவில்லை, கையாலேயே அள்ளிப்போட்டேன்.

சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைத் துளைகளையும் பாருங்கள். அடைப்பெடுக்க அழுத்தக் காற்று மட்டும் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடலாம்.

அப்புறம், மேலே துணியால் ஒற்றினால் போதாது. ஸ்பாஞ்ச் முழுசாகக் காய வேண்டும், அதற்கடியில் வயர்கள் ஓடுகின்றன. மூன்று நாளாக எங்கள் கார்பெட் வெயிலில் கிடக்கிறது.