வாய்க்கால் கரையில் ஒரு கூடாரம்: நூப்ரா நாட்குறிப்பு

9 ஜூன் 2024, ஞாயிறு. லே

காலையில் விமானம் லடாக்கின் லே நகரில் இறங்கியது. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும் என்பதால் இங்கே விமானங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே வந்து திரும்பிவிடுகின்றன. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி, எங்கள் ஊரான சிவகங்கையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். விடுதிப் படிக்கட்டில் பன்னிரண்டு படி ஏறுவதற்குள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டு நாள் எங்கும் போகாமல், வெந்நீர் குடித்துக்கொண்டு, உடம்பைப் பழக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதன்படியே படுத்திருக்கிறோம்.

என் மகள் எங்கள் இருவருக்காகவும் நூப்ரா பள்ளத்தாக்கின் ஹுந்தர் கிராமத்தில் நான்கு இரவுகளுக்குச் சொகுசுக் கூடாரம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறாள். கிளாம்பிங் என்று இதற்குப் பெயர். ஆக்ஸ்போர்டு அகராதியில் இந்தச் சொல் 2016இல்தான் இடம்பெற்றது என்றாலும் வழக்கம் பழையது. பாடிவீடு, பாசறை என்ற சொற்கள் நம்மிடம் எப்போதோ இருந்தன. முகலாயப் பேரரசர்கள் பயணம் போனபோது கூடாரத் தொகுதிகள் இரண்டாக இருக்குமாம். ஒன்றில் அரசர் தங்கியிருக்கையில் மற்றொன்று அடுத்த நாள் தங்குமிடத்தில் முன்கூட்டியே எழும்பி நிற்கும். அரசருக்கு வாய்த்தது இன்று ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளுக்கு வாய்த்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

10 ஜூன், திங்கள். லே

தலைவலி குறைந்தது. சன்னலுக்கு வெளியே பாப்ளர் மரங்களும் வில்லோ மரங்களும் நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் ஒரு புல்கூட இல்லாத மலை. இந்த ஊரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். எங்கள் ஊரில் ஐப்பசியில் சில நாள் அடைமழையிலேயே அவ்வளவு விழுந்துவிடும். பார்வைக்குத் தெரியும் பச்சை ஒவ்வொன்றும் யாரோ வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த பச்சை.

11 ஜூன், செவ்வாய். ஹுந்தர்

கர்துங் லா கணவாய் வழியாக வந்தோம். அதன் உயரத்தை 18,380 அடி என்று நெடுங்காலம் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அளந்து பார்த்த உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. மேலே பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம் என்று ஓட்டுநர் சொன்னதால், பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினோம். கீழே இறங்க இறங்க ஷியோக் ஆறு, அகன்ற சாம்பல்நிற மணற்படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடுவது தெரிந்தது. சியாச்சின் பனியாற்றிலிருந்து வரும் நூப்ரா ஆறு இதனோடுதான் கலக்கிறது. ஷியோக் பிறகு மேற்கே போய், எல்லையைக் கடந்து சிந்துவில் சேர்கிறது.

முகாம் கிராமத்தின் ஓரத்தில், ஒரு விவசாயக் குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் இருக்கிறது. பத்துக் கூடாரங்கள். ஒவ்வொன்றும் தரையிலிருந்து ஓரடி உயர்த்திய மரத்தளத்தின்மேல், இரட்டைக் கித்தான் துணியால் எழுப்பப்பட்டிருக்கிறது. இரண்டு துணிகளுக்கும் இடையில் நிற்கும் காற்று பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் ஓரளவு தடுக்கிறது. உள்ளே பெரிய கட்டில், கம்பளி விரிப்பு, எழுதுமேசை, பித்தளை விளக்கு, திரைக்குப் பின்னால் வெந்நீர்க் குழாயோடு குளியலறை. மே மாதம் கட்டி அக்டோபரில் பிரித்துவிடுவார்கள் என்றும், குளிர்காலத்தில் இந்த இடத்தில் மரத்தளம் தவிர வேறொன்றும் இராது என்றும் உபசரிக்கும் இளைஞர் சொன்னார். அந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கான்கிரீட் விடுதி ஒன்று வந்துவிட்டால் அதை எந்த அக்டோபரிலும் பிரிக்க முடியாது.

அந்த இளைஞர் எங்களை ‘அமாலே’ என்று அழைக்கிறார். ‘அமா’ என்றால் அம்மா. ‘லே’ என்பது மரியாதைக்குச் சேர்ப்பது, நாம் ‘வாங்க’ என்பதில் சேர்க்கும் ‘ங்க’ போல. அக்காவுக்கு அந்தச் சொல்லைக் கேட்ட கணமே முகம் மலர்ந்துவிட்டது.

இரவு பதினொரு மணிக்குள் பிறைநிலா மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணைபோல நீண்டிருந்த மரத்தளத்தில் உட்கார்ந்தோம். பால்வழி மலைமுகட்டிலிருந்து மலைமுகடு வரை கிடந்தது. முப்பது ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்திய நான் அதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேனே தவிர, இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. இந்தக் காட்சிக்காக யாரும் கல்லில் படுத்து நடுங்க வேண்டியதில்லை. அறுபத்தெட்டு வயதான, முழங்கால் வலியுள்ள என் அக்காவும் போர்வைக்குள் இருந்தபடி அதைப் பார்க்க முடிந்தது என்பதே இந்த வகைத் தங்கலுக்கு நான் சொல்லும் முதல் நியாயம்.

12 ஜூன், புதன். ஹுந்தர்

விடியற்காலையில் கூடாரத்துக்குப் பின்னால் சலசலப்புக் கேட்டு எழுந்தேன். இரண்டடி அகல வாய்க்கால் ஒன்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முந்தைய மாலை அது காய்ந்து கிடந்ததை நான் பார்த்திருந்தேன். தலையில் கம்பளித் தொப்பியும் கையில் மண்வெட்டியுமாக ஒரு பெரியவர், புல்லோடு வெட்டிய மண்கட்டியையும் ஒரு தட்டைக் கல்லையும் எடுத்து ஒரு வாயை அடைத்து, மறு வாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வாற்கோதுமை வயலுக்குள் நுழைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனெனில் அந்தக் கையசைவு எனக்குத் தெரியும். எங்கள் தாத்தா கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறந்து, இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சி, அறுவடையில் கதிர்க்கட்டாகக் கூலி பெற்றவர். அவரும் இப்படித்தான் குனிந்து, இப்படித்தான் காலால் மண்ணை மிதித்து அடைப்பார்.

இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பெரியவரிடம் பேசினேன். வாய்க்காலுக்கு இங்கே ‘யூரா’ என்று பெயர். முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுபவர் ‘சுர்போன்’; ‘சு’ என்றால் நீர், ‘போன்’ என்றால் தலைவர். ஊரே கூடி அவரைத் தேர்ந்தெடுக்கிறது. மேலே பனி பகல் வெயிலில் உருகுவதால் ஓடையில் தண்ணீர் மாலையில்தான் பெருகும். இரவில் வீணாகாமல் அதைத் தேக்கிவைக்கும் சிறு குளத்துக்கு ‘சிங்’ என்கிறார்கள். விதைப்புக் காலமான வசந்தத்தில் பனி இன்னும் சரியாக உருகியிராது. அப்போதுதான் தண்ணீருக்குத் தட்டுப்பாடு கடுமையாக இருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாகப் போகும் ஓடை நீரை நிழலான சரிவுகளில் கற்சுவர்களால் மறித்து உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே எண்ணத்தைச் சோனம் வாங்சுக் 2013 குளிர்காலத்திலிருந்து பனித் தூபியாக வளர்த்தார். உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர், தன் அழுத்தத்தாலேயே பீய்ச்சி எழுந்து, குளிர்க்காற்றில் உறைந்து கூம்பாக நிற்கிறது. பரப்பிக் கிடக்கும் பனியைவிடக் கூம்பின்மேல் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் விதைப்புக் காலம்வரை தாக்குப்பிடித்து, தேவைப்படும் மாதத்தில் உருகிப் பாய்கிறது. ஒரு துளியைக் குளிர்காலத்திலிருந்து வசந்தத்துக்குக் கடத்த இத்தனை பாடுபடுகிறார்கள்.

திரும்பி வந்து குளியலறைக்குள் நுழைந்தபோது, நேற்று என்னை மகிழ்வித்த குழாயைத் திறக்கக் கை தயங்கியது. கழிப்பறைத் தொட்டி ஒருமுறை இழுத்தால் கொட்டுவது ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணீர். பத்துக் கூடாரங்கள், ஒவ்வொன்றிலும் இருவர்! மேலாளரிடம் கேட்டேன், அவர் எதையும் மறைக்கவில்லை. தோட்டத்துக்கு யூராவின் முறைத் தண்ணீர், குளியலறைகளுக்கு ஆழ்துளைக் கிணறு, கழிவுநீருக்கு மலத்தொட்டியும் உறிஞ்சுகுழியும் என்று விளக்கினார். மண்ணோ மணலும் சரளையும் கலந்தது. எதை விட்டாலும் உடனே உறிஞ்சிக்கொள்ளும். அது உறிஞ்சியதைப் பெரியவரின் வீட்டுக் கைப்பம்பு என்றாவது ஒருநாள் மேலே கொண்டுவராது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

13 ஜூன், வியாழன். ஹுந்தர், திஸ்கித்

முற்பகலில் திஸ்கித் மடாலயத்துக்குப் போனோம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அதன் கீழே ஒரு குன்றின்மேல் 2010இல் தலாய் லாமா அர்ப்பணித்த 32 மீட்டர் உயர மைத்ரேய புத்தர் ஆற்றை நோக்கி அமர்ந்திருக்கிறார். அக்கா வண்டியிலிருந்தே கும்பிட்டாள்.

மாலையில் மணல்மேடுகள். இரட்டைத் திமில் ஒட்டகங்கள் இங்கே நிற்பதற்குக் காரணம், லேயிலிருந்து, இன்று சீனாவில் உள்ள யார்கண்ட் வரை நடந்த பழைய வணிகம். கம்பளி, பட்டு, தேயிலை சுமந்து வந்த விலங்குகளின் வழித்தோன்றல்கள், 1940களின் இறுதியில் அந்த வழி மூடப்பட்டபின் இந்தப் பக்கத்திலேயே தங்கிப்போயின. சவாரிக்கு வரிசை நீளமாக இருந்தது. நாங்கள் ஏறவில்லை, நாள் முழுவதும் ஆள் சுமந்த ஒட்டகத்தின்மேல் மேலும் ஒருமுறை ஏற மனம் வரவில்லை.

இன்றைய நாளில் எழுதிவைக்க வேண்டியது இதுவல்ல. திரும்பும் வழியில் இளைஞரின் வீட்டுக்குப் போய், வெண்ணெய்த் தேநீரும் கம்பீர் ரொட்டியும் சாப்பிட்டோம். கழிப்பறை எங்கே என்று கேட்டபோது அவருடைய தாயார் சற்றுக் கூச்சத்தோடு, விருந்தினருக்கு அது வசதிப்படாது என்றார். நான் பார்த்தே தீர வேண்டும் என்றேன். மண்சுவர் எழுப்பிய இரண்டடுக்குக் கட்டடம். மேல்தளத்தின் நடுவில் ஒரு நீள்துளை. ஓரத்தில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வாரி. பயன்படுத்தியதும் ஒரு வாரி மண்ணைத் தள்ளிவிட்டால் போதும். கீழ் அறையில் சேர்வது மட்கி எருவாகி, ஆண்டுக்கு ஒருமுறை வயலுக்குப் போகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. நாற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வறண்ட காற்றும் சாம்பலும் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

எத்தனையோ தலைமுறையாக இந்த நிலம் கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வு இது. அந்த அம்மா கூச்சப்பட வேண்டியதே இல்லை என்று இளைஞரை மொழிபெயர்க்கச் சொல்லி இரண்டு முறை சொன்னேன். கூச்சப்பட வேண்டியவர்கள், ஊருக்கு வந்து தொட்டி தொட்டியாகத் தண்ணீரை இழுத்துவிடும் நாங்கள்தான். லடாக் 1974இல் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. லே நகரம் வளர வளர விடுதிகள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டன. நாங்கள் கேட்டதைத்தான் அவர்கள் கட்டினார்கள். சொகுசு என்பதன் பொருளை வாடகை கொடுப்பவர்கள் மாற்றினால், கட்டுபவர்களும் மாற்றுவார்கள் என்று நம்புகிறேன். அதே உலர் கழிப்பறையை நல்ல மரத்தால், வழுவழுப்பான இருக்கையோடு, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கைப்பிடி வைத்து, சன்னலில் மலை தெரியும்படி அமைத்தால் அதைவிட உயர்ந்த வசதி எனக்கு இந்தக் குளிர்ப் பாலைவனத்தில் வேண்டியதில்லை.

14 ஜூன், வெள்ளி. துர்துக்

நெடுந்தூரம் போய் வந்த களைப்பு, சுருக்கமாக எழுதுகிறேன். துர்துக் 1971 போருக்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பல்தி மக்களின் கிராமம்; 2010இல்தான் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. சர்க்கரைப் பாதாமி மரங்களுக்கு அடியில் தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுகிறது. கற்களின் இடுக்கு வழியே குளிர்ந்த காற்று வரும்படி கல்லால் கட்டிய சிறு அறைகளில் வெண்ணெயையும் இறைச்சியையும் வைத்துக் காக்கிறார்கள்; மின்சாரமே வேண்டாம். உள்ளே கைநீட்டிப் பார்த்தேன், விரல் விறைத்தது.

முகாமுக்குத் திரும்பியபின் இரவு உணவுக்கு துக்பா என்னும் நூடுல்ஸ் சூப். குளிப்பதற்கு ஒரு வாளி வெந்நீர் மட்டும் போதும் என்று நானும் அக்காவும் சொல்லிவிட்டோம். ஊரில் கண்மாய் வற்றிய ஆண்டுகளில் குளித்த அதே கணக்கு.

15 ஜூன், சனி. ஹுந்தரிலிருந்து கிளம்பும் முன்

விருந்தினர் கருத்து எழுதும் ஏட்டில் மூன்று பக்கம் எழுதினேன். கூடாரத்தையும் உணவையும் பணியாளர்களின் அன்பையும் மனதாரப் பாராட்டிவிட்டு, உலர் கழிப்பறை ஒன்றைக் கட்டுங்கள், அது இருக்கும் கூடாரத்தைத்தான் அடுத்த முறை கேட்பேன் என்று எழுதி, கைப்பிடி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று படமும் வரைந்து வைத்தேன். மேலாளர் நின்றபடியே படித்தார். ஒரு கூடாரத்துக்கு மட்டுமாவது செய்து பார்க்கலாம், கீழ் அறையைத் தோண்ட இந்த அக்டோபரில் பிரிக்கும்போதுதான் வசதிப்படும் என்றார். இளைஞரின் மாமா தச்சராம்.

அக்கா வாய்க்கால் ஓரமாகப் போய், பெரியவருக்கு நம் ஊர்ப் பனங்கற்கண்டுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். அவர் ஒரு கட்டியை வாயில் போட்டுச் சுவைத்து, ‘ஜுலே’ என்று நன்றி சொல்லித் தலைகுனிந்தார். பிறகு அந்தப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, முகாம் தோட்டத்துக்கான முறை முடிந்துவிட்டதால், எங்கள் பக்கத்து வாயை மண்கட்டியால் அடைத்துக் காலால் மிதித்தார்.