சாரலிலும் சிக்காமல் ஓடும் ‘கொ’

பக்கத்தின் ஓரத்தில் தலைகாட்டும் இழுபட்டையை வலப்பக்கம் இழுத்தால் ககரத்தின் பின்னாலிருந்து கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும். திரும்பத் தள்ளினால் இரண்டும் உள்ளே போய், வெறும் ‘க’ மட்டும் நிற்க வேண்டும். இந்த ஒரு பக்கத்துக்காகத்தான், பிள்ளைகள் இழுத்தும் திறந்தும் எழுத்து கற்கும் என் அசையும் புத்தக வேலை ஆனி முழுவதும் நின்று கிடந்தது. இப்போது ஓடுகிறது. அதுவும் செங்கோட்டையில், ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீட்டுக்குள் புகுந்து பொரித்த அப்பளம் பத்து நிமிடத்தில் நமுத்துப்போகும் ஆடி மாதத்தில் ஓடுகிறது. எதிர்வீட்டுச் சிறுமி நேற்று மாலை முழுவதும் இழுத்து இழுத்துப் பார்த்தாள்; ஓரிடத்திலும் சிக்கவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இந்த ஆண்டில் வேறு இல்லை.

உயிரெழுத்துப் பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. திறந்து மூடும் மடல் வைத்துச் செய்வது நம் எல்லோருக்கும் கைவந்ததுதான். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: படங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவையாக இருக்க வேண்டும். ‘ஏ’ என்றால் ஏலக்காய். உயிர்மெய்க்கு வரும்போது ‘ர’வுக்குக் குற்றாலம் சீசனில் குவியும் ரம்புட்டான், ‘ம’வுக்கு மங்குஸ்தான். மங்குஸ்தான் பக்கத்தில் இரண்டு மடல்கள் இருக்கின்றன. பழத்தின் அடியில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. முதல் மடலில் இதழை எண்ணச் சொல்லி, இரண்டாவது மடலில் சுளையைக் காட்டியிருக்கிறேன். ஆறு இதழ், ஆறு சுளை. எழுத்து கற்க வந்த பிள்ளை எண்ணவும் கற்றுக்கொண்டு போகட்டும்.

இனி ‘கொ’. ஏன் இந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், பிள்ளைகள் தடுக்கி விழும் இடமே அதுதான். நாம் ககரத்தைச் சொல்லி ஒகரத்தைச் சேர்க்கிறோம். ஆனால் தாளில் இடமிருந்து வலமாகப் படிக்கும் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது கொம்பு. அதற்கென்று ஓர் ஒலி இருக்கும் என்று நினைத்து வாய் திறந்து நின்றுவிடுகிறது. எழுதிக் காட்டினாலும் கொம்பைத்தான் முதலில் போடுகிறோம், குழப்பம் தீருவதில்லை. ‘க’ அசையாமல் நிற்க, இருபுறமும் உறுப்புகள் வந்து சேருவதைக் கையால் இழுத்துப் பார்த்தால், எது எழுத்து, எது குறி என்று சொல்லிக்கொடுக்காமலேயே பிடிபடுகிறது. அச்சிட்ட அட்டவணை எதுவும் இதைச் செய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

வேலை இப்படி: முன்தாளும் பின்தாளும் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள ஆர்ட் கார்டு என்னும் வழவழப்பான அட்டை. இடையில் ஓரங்களில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் மில்போர்டு என்னும் கெட்டி அட்டைப் பட்டி. முன்தாளில் ககரத்தின் இருபுறமும் ஆளுக்கொரு ஜன்னல். உள்ளே மேல்பட்டையில் கொம்பு, கீழ்ப்பட்டையில் கால். இரண்டும் எழுத்தின் உயரத்துக்கு வருமாறு எல் வடிவில் கை நீட்டியிருக்கின்றன. வெளியே தலைகாட்டும் இழுபட்டை கீழ்ப்பட்டையின் தொடர்ச்சிதான். இரண்டு பட்டைகளையும் இணைப்பது நட்டுக்குத்தாக நிற்கும் ஒரு நெம்புகோல். நடுவில் அச்சு. கீழ்முனை வலப்பக்கம் போனால் மேல்முனை இடப்பக்கம் போகும். அவ்வளவுதான் தத்துவம்.

ஆனால் நெம்புகோலின் முனை நேர்கோட்டில் போவதில்லை, வில்லாகப் போகிறது. அச்சிலிருந்து முனைவரை 45 மி.மீ., மொத்த ஓட்டம் 30 மி.மீ. என்று வைத்தால், முனை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. ஆகவே பட்டையில் வட்டத்துளை போடக் கூடாது, மூன்று மி.மீ. கூடுதலாக விட்டு, மேலும் கீழுமாக நீள்துளை வெட்ட வேண்டும். நீள்துளை இல்லாத பட்டை ஒவ்வொரு இழுப்பிலும் சற்று வளைந்து, சில நாட்களில் மடிந்துபோகும்.

அச்சுதான் பெரிய பாடு. பித்தளைப் பின் வேண்டவே வேண்டாம். கழன்றால் நேரே வாய்க்குள் போகும், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் அதை நினைக்கவே கூடாது. ஐலெட் என்னும் உலோக வளையம் அடித்தால் ஒன்று இறுகிப்போகிறது, இல்லையென்றால் ஆடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூனிக் நகரில் அசையும் படப்புத்தகங்கள் செய்த லோதர் மெக்கெண்டோர்ஃபர் மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றித் தாள்களுக்கிடையே அச்சாக வைத்தார். ஒரே பட்டையை இழுத்தால் படத்தில் பல உறுப்புகள் ஒன்றாக அசையும். அந்தச் சுருளைச் செய்து பார்த்தேன். அருமையாகச் சுழல்கிறது. இருந்தாலும் கம்பி கம்பிதானே, குழந்தை கையில் கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் நான் நின்றது தாள் வட்டில்: நெம்புகோலில் 8 மி.மீ. துளை, அதற்குள் ஏழரை மி.மீ. வட்டு, மேலே மூடியாக 14 மி.மீ. வட்டு. நடுவட்டு நெம்புகோலைவிட ஒரு தாள் அளவு தடிமனாக இருக்க வேண்டும். அந்த ஒரு தாள்தான் சுழற்சிக்கு உயிர். சம தடிமனில் வைத்தால் மூடிவட்டு நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆனியில் ஏன் சிக்கியது? காரணம் காற்று. தாளில் நார் ஒரு திசையில் ஓடுகிறது. ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் அதிகம் வளர்வதில்லை, குறுக்கில்தான் பருக்கிறது. இழுபட்டை வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டுமானால் நார் பட்டையின் நீளத்தில் ஓட வேண்டும். அப்படி வெட்டினால் சாரல் காலத்தில் பட்டை அகலத்தில் பருத்து வழித்தடத்தை அடைத்துக்கொள்கிறது. நாரைக் குறுக்காக வைத்தால் அடைப்பு இல்லை, ஆனால் பட்டை துவள்கிறது. தென்காசியில் பைண்டிங் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினேன். “நாரை மாற்றாதீர்கள் அம்மா, பாதையை அகலமாக்குங்கள்” என்றார். இருபது மி.மீ. பட்டைக்கு இருபத்தொன்றரை மி.மீ. தடம். கேட்டபோது இவ்வளவு இடைவெளியா, பட்டை கோணலாகப் போகுமே என்று தோன்றியது. பட்டையின் இரு முனையிலும் மட்டும் சிறு தோள் விட்டு, நடுப்பகுதியை ஒடுக்கி வெட்டியதும் அந்தக் கவலையும் தீர்ந்தது. தடத்தைத் தொடுவது நான்கு தோள்கள் மட்டுமே. அவற்றின் விளிம்பில் மெழுகுவர்த்தியால் ஒரு தேய்ப்பு. மெழுகைப் பசை வேலை முழுவதும் முடிந்த பிறகே தொடுங்கள், மெழுகு பட்ட இடத்தில் பசை நிற்காது.

பசையைப் பற்றி ஒன்று. பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். கணக்குப் புத்தகத்துக்குச் சரி. பிள்ளைகள் கடித்துச் சுவைக்கும் புத்தகத்தில் அது விஷம், ஒரு சிட்டிகைகூடக் கூடாது. நான் வெள்ளைப் பசையைத்தான் பயன்படுத்துகிறேன், அதையும் மெல்லிசாகத் தடவி, இரவு முழுவதும் கனத்தின் அடியில் வைத்து விடுகிறேன்.

அட்டைக்கு சிவகாசி. செங்கோட்டையிலிருந்து மதுரை போகும் ரயிலில் ஏறினால் சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி அங்கேயே இறங்கலாம். காலண்டர், டைரி அச்சகங்களில் மிஞ்சும் கழிவுத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். தரம் நன்றாகவே இருக்கிறது. தொல்லை என்னவென்றால் ஒரே கட்டில் நார் நீளமாக ஓடும் துண்டும் குறுக்காக ஓடும் துண்டும் கலந்தே கிடக்கும். கடையில் நின்று ஒவ்வொன்றாக வளைத்துப் பார்க்க விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதி பட்டைக்கு உதவாது. அந்தப் பாதியை இடைப்பட்டிக்கும் வட்டுக்கும் ஒதுக்கிவிடுகிறேன். முதுகு ஒட்டும் துணியை வழியிலேயே வாங்கலாம்: ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி. பசையை உறிஞ்சிக்கொண்டு அட்டையோடு ஒன்றிவிடும். பைண்டிங் துணியான காலிகோவை மேலே போட்டால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் முதுகு விடாது.

இந்தக் கொம்பும் காலும் இப்படி எல்லா எழுத்துக்கும் பொதுவாக ஓடுவதற்கு 1978-ஐத்தான் நன்றியோடு நினைக்க வேண்டும். தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கிய ஆண்டு அது. அதற்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது, எழுத்தோடு வளைந்து ஒட்டிய தனி வடிவம். ணை, லை, ளை, னை நான்குக்கும் தும்பிக்கை என்று நாம் சொல்லும் வளைந்த ஐகாரக் குறி. என் அம்மா இன்றும் கடிதத்தில் தும்பிக்கை போட்டே ‘னை’ எழுதுகிறார். பார்க்க அழகு, ஆனால் என் நெம்புகோலுக்கு அடங்காது. இப்போது கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றே. அதனால் நடுவில் இருக்கும் ககரத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு சட்டம் வைத்து, பதினெட்டு எழுத்து அட்டைகளை மாற்றி மாற்றிச் செருகும்படி செய்து கொண்டிருக்கிறேன். ஒரே பொறியில் கொ, சொ, தொ, பொ, மொ என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஓகாரத்துக்குக் கொம்பில் மேல்சுழி வேண்டும். எகரத்தையும் ஏகாரத்தையும் இப்படிப் பிரித்துக் காட்டும் முறையைத் தந்தவர் வீரமாமுனிவர். எழுத்து நானே வரைந்தது என்பதால் மேல்சுழி தனியே பிரிந்து தெரியும்படி அமைத்து, ஜன்னலின் தலையில் ஒரு சிறு மடல் வைத்திருக்கிறேன். மூடினால் கொ, தூக்கினால் கோ.

புனலூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அக்காவின் பேரப்பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தேன். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கிறவர்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்த ஊர். கணவாய்க்கு அப்பால் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு, இப்படிப்பட்ட பிள்ளைகளும் நிறைய. பெரியவன் ‘கொ’வைப் பார்த்ததும் படித்துவிட்டான். மலையாளத்திலும் ஒகரக் குறி எழுத்தின் இருபுறமும்தான் நிற்கும். கொல்லம் பஸ்ஸின் பலகையில் தினமும் பார்க்கிறானே. அவன் திணறியது ‘கு, சு, து’வில். மலையாளத்தில் 1971-இல் செய்த லிபிச் சீர்திருத்தம் உகர ஊகாரக் குறிகளை எழுத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்துவிட்டது. நம்மிடம் அவை இன்னும் எழுத்தோடு பின்னிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு விதமாக வளைகின்றன. இழுபட்டை அங்கே உதவாது.

அதற்கு மடல்தான் வழி என்று படுகிறது. மடல் மூடியிருக்கும்போது ‘த’. திறந்தால் அதன் கடைசிக் கோடு மடலின் உட்புறத்தில் தொடர்ந்து வளைந்து ‘து’. மடிப்பில் கோடு முறியாமல் ஒட்ட வேண்டும், அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உடைந்த எழுத்தாகத் தெரிகிறது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மடிப்புக்கோடு கீறி முதலில் மடித்துவிட்டு, அதன் பிறகு கோட்டை வரைந்தால் ‘து’வும் ‘பு’வும் நன்றாக வந்திருக்கின்றன. ‘ஞூ’வை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.

ஔகாரப் பக்கத்தையும் தள்ளி வைத்திருக்கிறேன். அதன் வலப்பக்கக் குறி ளகரத்தைப் போலவே இருப்பதால், பட்டையில் அது வெளியே வரும்போது பிள்ளைகள் ‘கெள’ என்று இரண்டு எழுத்தாகப் படிக்கிறார்கள். குறியைச் சற்றுச் சிறிதாக்கி எழுத்தோடு ஒட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பதினெட்டு அட்டைகளுக்கும் டை அடிக்க, அதாவது அச்சு வைத்து ஒரே அழுத்தில் வெட்ட, எவ்வளவு ஆகும் என்று சிவகாசியில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கத்திரிக்கோலால் வட்டு வெட்டி வெட்டிப் பெருவிரல் காய்த்துவிட்டது. குறைந்த எண்ணிக்கைக்கு டை அடித்துத் தரும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிடுகிறேன்.