மகனின் மீன் அலர்ஜி: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

என் மகனுக்கு இருப்பது மீன் அலர்ஜிதான் என்று உறுதியாகத் தெரிய ஒன்றரை வருடம் ஆனது. கோத்தகிரிப் பக்கம் கடல் மீன் என்றால் கீழேயிருந்து லாரி ஏறி வருவதுதான், அதனால் மீன் தின்று யாருக்காவது முடியாமல் போனால் "ஐஸ் பத்தியிருக்காது, மீன் கெட்டிருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அவனுக்கு நாலு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அயிலை வறுத்தேன். இரண்டு வாய் தின்றிருப்பான், உதட்டைச் சுற்றிச் சிவந்து, கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அப்புறம் வாந்தி. பக்கத்து கிளினிக்கில் கெட்ட மீன் என்றார்கள், கொடுத்த மருந்தில் சாயங்காலமே விளையாடப் போய்விட்டான். அதே சட்டி மீனை நாங்கள் நாலு பேரும் தின்றோமே, எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டும்.

கெட்ட மீனிலும் இதே மாதிரி வரும் என்பது உண்மைதான். அயிலை, மத்தி, சூரை போன்றவற்றைக் குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியா பெருகி ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சேர்ந்துவிடும், எவ்வளவு கொதித்தாலும் அது போகாது, தின்றால் முகம் சிவந்து அலர்ஜி போலவே தெரியும். ஆனால் அது பெரும்பாலும் ஒரே சட்டியில் தின்ற பலருக்கும் வரும், அடுத்த வாரம் நல்ல மீன் தின்றால் வராது. என் மகனுக்கு வந்தது வேறு. மீன் சதையில் உள்ள பார்வால்புமின் என்ற புரதம்தான் அவனுக்கு ஆகாது, அதுவும் சூட்டில் அழியாது, கிட்டத்தட்ட எல்லா மீனிலும் இருக்கிறது. இதையெல்லாம் பின்னால் கோவை டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

அதற்கு முன்னால் அந்தச் சம்பல். என் மாமியார் இலங்கையின் நுவரெலியாவில் பிறந்தவர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இங்கே தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தேங்காய்ச் சம்பல் என்றால் மாசி இடித்துப் போடாமல் இருக்காது. சூரையை அவித்து, புகைபோட்டுக் காயவைத்ததுதான் மாசி, ஆனால் பார்க்க விறகுத் துண்டு மாதிரி இருப்பதால் அதை மீன் கணக்கில் நாங்கள் யாருமே சேர்க்கவில்லை. ரொட்டியோடு ஒரு கிள்ளு தின்றான். பத்து நிமிடத்தில் இருமல், குரல் கம்மிப்போனது, மூச்சில் விசில் சத்தம். மழை, எதிரே வண்டி தெரியாத மேகமூட்டம், அவனை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது, அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் எழுத முடியாது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது, ஆனாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் கோவையில் தோல் பரிசோதனை. அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் முடிவு தப்பாக வரும். முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்து வீக்கத்தை மில்லிமீட்டரில் அளந்தார்கள், 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வீங்கினால் கணக்கு. மீன் வைத்த இடங்கள் நன்றாகவே வீங்கின, இறாலுக்கு ஒன்றுமில்லை. இறால், நண்டில் இருப்பது வேறு புரதம். ஆனாலும் மீன் வெட்டிய கத்தியிலும் பலகையிலும்தான் கடையில் இறாலையும் போடுகிறார்கள், அதனால் இறாலும் வாங்குவதில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஊசி பற்றித்தான். வெளிநாடுகளில் பேனா மாதிரி வரும் அட்ரினலின் ஊசி இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. டாக்டர் எங்களுக்குச் சாதாரண மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, தண்ணீரை இழுத்துப் பல தடவை பழக்கினார். அளவு எடையைப் பொறுத்தது, 20 கிலோ இருந்த அவனுக்கு 0.2 மில்லி, உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூச்சோ குரலோ மாறினால் செட்ரிசினைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அது தடிப்பைக் குறைக்குமே தவிர மூச்சைத் திறக்காது. முதலில் தொடையில் ஊசி, அப்புறம் 108. எழுந்து நடக்கவிடக் கூடாது, படுக்க வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் மட்டும் உட்காரலாம்.

"கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்" என்று மாமியார் முதலில் சொன்னார். அவரையும் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப்போனேன், அதற்கு அப்புறம் மாசி டப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டது. கருவாடு வதக்கும் ஆவிக்கே அவனுக்குக் கண் சிவந்து தும்மல் வருகிறது, அதனால் வீட்டில் இப்போது கருவாடும் இல்லை. வெளியே போனால் பஜ்ஜி, சிப்ஸ் வாங்கும் முன் அந்த எண்ணெயில் மீன் பொரித்தார்களா என்று கேட்கிறேன், சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பாக்கெட் என்றால் அலர்ஜி விவரத்தில் மீன் இருக்கிறதா என்று பார்ப்பேன், சைனீஸ் சமையலில் ஊற்றும் சில சாஸ்களில்கூட நெத்திலி இருக்கும். பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டைதான், பிரச்சினை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் டப்பா. அதற்காக டீச்சரிடம் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, ஒரு செட் ஊசியும் அங்கே வைத்திருக்கிறோம். குப்பியின் காலாவதி மாதத்தை காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன், மருந்து நிறம் மாறியிருந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் புதிது வாங்கிவிடுங்கள்.