ஈசியூ கோப்புக்குள் கிடைத்த தொப்பூர் இறக்கக் கணக்கு

பழைய ஆக்டேவியா 1.9 டிடிஐ டீசல் வண்டியின் ஈசியூவிலிருந்து, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினியிலிருந்து, எடுத்த கோப்பு ஒன்று கையில் இருக்கிறது, கொஞ்ச நாளாக அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். போஷ் ஈடிசி15 வகை, உள்ளே சி167 என்ற 16 பிட் ப்ராசசர், பக்கத்தில் 29எஃப்400 ஃபிளாஷ் சிப், அதனால் கோப்பு சரியாக 512 கேபி. அதற்குள் இரண்டு சமாச்சாரம் சேர்ந்தே கிடக்கிறது: ப்ரோகிராம், அதாவது ஃபர்ம்வேர், அப்புறம் அந்த ப்ரோகிராம் பார்த்து நடக்கிற வெறும் எண் அட்டவணைகள், அதுதான் காலிபரேஷன். பட்டறையில் ரீமேப் என்று சொல்வது பெரும்பாலும் இந்த எண்களை மாற்றுவதுதான். நான் எதையும் மாற்றவில்லை, படிப்பதோடு சரி.

எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று சொல்வது ஏ2எல் கோப்பு. அது கம்பெனியை விட்டு வெளியே வராது, நாமேதான் தேட வேண்டும். அட்டவணையின் ஓரத்தில் எஞ்சின் வேகத்தை வரிசையாகக் காட்டும் ஆர்பிஎம் அச்சில் தொடங்குவது சுலபம். 900 என்பது ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 0384, சி167 சின்ன பைட்டை முதலில் வைப்பதால் கோப்பில் 84 03 என்று இருக்கும். அதைத் தொடர்ந்து எண்கள் சீராக ஏறிக்கொண்டே போனால் அது அச்சு என்று நம்பலாம். ஒவ்வொரு அச்சுக்கும் முன்னால் ஒரு அடையாள எண்ணும் எத்தனை புள்ளி என்ற எண்ணும் இருப்பதால் சின்ன பைத்தான் நிரலே மிச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. ஒரே அட்டவணை திரும்பத் திரும்ப வந்தால் குழம்ப வேண்டாம், மேனுவல் கியர், ஆட்டோமேட்டிக் என்று வேறு வேறு வண்டிக்குத் தனித்தனிப் பிரதி வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை கெல்வினில், பத்தால் பெருக்கி இருக்கிறது: 3531 என்று இருந்தால் 2731 கழித்து பத்தால் வகுக்க 80 டிகிரி.

எனக்குப் பிடித்தது டிரைவர் விஷ் என்கிற அட்டவணை. ஒரு அச்சு ஆர்பிஎம், இன்னொன்று ஆக்சிலரேட்டர் எத்தனை சதவீதம், நடுவில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு, அதாவது ஒரு தடவை தெளிக்க, எத்தனை மில்லிகிராம் டீசல். ஆக்சிலரேட்டர் 0 என்ற வரிசையைப் பாருங்கள், ஐடிலைத் (நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் வேகம்) தாண்டிக் கொஞ்சம் மேலே போனதும் எல்லாமே பூஜ்யம். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் சுத்தமாக நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது.

இங்கே தர்மபுரியில் இருந்துகொண்டு இதைப் படித்தால் தொப்பூர் கணவாய் ஞாபகம் வராமல் இருக்காது. சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. தெரிந்த லாரி டிரைவர் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். "வண்டி தானா போகுதுப்பா, அது எதுக்குக் குடிக்கப் போகுது?" என்றார். சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று ஈசியூவையும் லேப்டாப்பையும் இணைக்கும் கே-லைன் கேபிளை மாட்டி, நண்பனை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கணவாயில் இறங்கினோம். மூன்றாவது கியரில் காலை எடுத்ததும் டீசல் 0.0 மில்லிகிராம். கீழே வந்து ஓரமாக நிறுத்தி ஐடிலில் விட்டால் சுமார் 4 மில்லிகிராம்.

கணக்கு இப்படி. நான்கு சிலிண்டர், 900 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 1800 முறை டீசல் தெளிக்கிறது. 4 மில்லிகிராம் வீதம் 7.2 கிராம், மணிக்கு அரை லிட்டர் போல. ஆக நியூட்ரலில் செலவுதான் ஆகிறது, மிச்சம் கிடையாது. அதுவும் பத்து நிமிட இறக்கத்துக்கு நூறு மில்லிகூட வராது. இதற்காக எஞ்சின் பிடியை விட்டுவிட்டு முழுப் பாரத்தையும் பிரேக் தலையில் ஏற்றி, அது சூடாகிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அண்ணனிடம் எண்களைக் காட்டினேன். "இது கார், என்னது லாரி" என்று முடித்துவிட்டார். நியாயமான பேச்சுதான். இதற்குப் பிந்தைய வண்டிகளில் வந்த ஈடிசி17 வகையில் ட்ரைகோர் என்ற வேறு ப்ராசசர், அதில் பலவற்றைப் படிக்க விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் அவர் லாரிக்குக் கோப்பைத் தேடாமல் ஓபிடி ரீடிங் (வண்டியின் சோதனை சாக்கெட்டில் கிடைக்கும் அளவு) மட்டும் எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறேன், அவர் ஏற்றிக்கொண்டு போனால்.