கீழுதட்டின் இடது ஓரம்

ஒவ்வோர் ஏப்ரலிலும் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய் வந்த மூன்றாம் நாள், என் கீழுதட்டின் இடது ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பிவிடும். அம்மா அதைச் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி வெண்ணெய் தடவுவார். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்பது பக்கத்து வீட்டு அத்தையின் தீர்ப்பு. 2022இல் ஐந்து முறை வந்துவிட்டதால் தோல் மருத்துவரிடம் போனேன்.

சீட்டில் ‘ஹெர்பிஸ்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், அதைப் பாலுறவில் தொற்றும் நோய் என்றே கேள்விப்பட்டிருந்த எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் சிரித்தார். “பயப்படாதீர்கள் டீச்சர், இது முதல் வகை வைரஸ். சின்ன வயதில் யாரோ கொஞ்சிக் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். உலகத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இருக்கிறது” என்றார். முகத்து நரம்பின் முடிச்சில் அது ஆயுள் முழுக்கப் படுத்திருக்குமாம். காய்ச்சல், வெயில், தூக்கமின்மை என்று ஏதாவது தட்டினால் எழுந்து வருமாம்.

போகவே போகாது என்றதும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. இரவெல்லாம் படித்ததில் லைசின் மாத்திரை கண்ணில் பட்டது. வைரஸ் பெருக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு துண்டு, வேண்டும். இன்னோர் அமினோ அமிலமான லைசின் அதற்குப் போட்டி. ஒன்றைக் கூட்டு, இன்னொன்றைக் குறை. கணக்கு டீச்சரை மயக்க இது போதாதா? 2023 ஜனவரியில் தொடங்கி தினம் ஆயிரம் மில்லிகிராம், பிறகு மூவாயிரம். ஆர்ஜினின் நிலக்கடலையிலும் எள்ளிலும் அதிகம் என்பதால் இரண்டையும் விட்டேன். கோவில்பட்டிக்காரி கடலை மிட்டாயை விடுவது என்ன பாடு என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

துணைக்குத் துத்தநாக மாத்திரையும் வாங்கினேன். மருந்துக்கடையில் ‘பவர் கூடுதல்’ என்று கொடுத்த 50 மில்லிகிராம். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய், இறைவணக்கத்தின் நடுவே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். அந்த அளவில் மாதக்கணக்காக எடுத்தால் உடம்பில் தாமிரம் குறைந்துவிடும் என்று மருத்துவர் பிறகு கண்டித்தார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக இருந்தது. வாரம் ஒன்றாக எட்டு வாரம் 60,000 யூனிட் கொடுத்தார். கால் வலி குறைந்தது. உதடு அதைக் கண்டுகொள்ளவில்லை.

நான் செய்த உருப்படியான காரியம், காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வந்ததுதான். ஆண்டு முடிவில் எண்ணினேன்: நான்கு. ஐந்து நான்கானதை வெற்றி என்று எந்தக் கணக்கு டீச்சரும் சொல்ல முடியாது. ஆனால் வட்டங்கள் விழுந்த இடங்கள் பேசின. விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் நின்றது, முகாமுக்கு இரண்டு பஸ் மாறி உச்சி வெயிலில் நடந்தது, தேர் பார்த்தது, ஒரு காய்ச்சல். நான்கில் மூன்று வெயில்!

காலண்டரையே மருத்துவரிடம் எடுத்துப்போனேன். லைசின் சோதனைக் குழாயில் சரியாக வந்த கணக்கு, மனிதர்களிடம் தெளிவாக வரவில்லை என்றார் அவர். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்விலும் அது கொப்புளத்தைத் தடுப்பதற்குச் சான்று கிடைக்கவில்லையாம். குடை, உதட்டுக்கு வெயில் தடுப்புக் களிம்பு, இவற்றோடு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வாலாசைக்ளோவிர் மாத்திரை எழுதினார். அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்தார். கொப்புளம் வந்த பிறகு அல்ல, உதட்டில் குறுகுறுப்பு தொடங்கியதுமே இரண்டு கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு இரண்டு கிராம், அதோடு சரி.

குறுகுறுப்பு எனக்கு நன்றாகவே தெரியும். காபி டம்ளரின் விளிம்பு பட்டால் அந்த ஓரத்தில் மட்டும் எறும்பு ஊர்வது போல இருக்கும். 2024 முகாமில் இரண்டாம் நாள் மதியம் அது வந்தது. ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சக் கட்டைத் திருத்தினேன். மறுநாள் மிளகளவு சிவப்பு. அதற்கு மேல் போகவில்லை. அந்த ஆண்டில் மொத்தம் இரண்டே வட்டம். குடையா, களிம்பா, அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் கணக்குப் போதாது.

கடலை மிட்டாய் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. லைசின் டப்பாவில் இன்னும் நாற்பது மாத்திரை கிடக்கிறது. முகாம் வாரத்தில் மட்டும் தினம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஏன் என்று மருத்துவர் இதுவரை கேட்கவில்லை.