இனிஷியலில் போன ஒரு வருடம்

குடியாத்தத்திலிருந்து நான் படித்த மருத்துவக் கல்லூரிக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஒரே ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை போனேன். அதற்குள் அந்த வருடம் விண்ணப்பிக்கிற வேளையே தவறிப்போனது. அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு, அதாவது பொது மருத்துவ மேற்பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

என் பழைய பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான் இருந்தது, சர்நேம் கட்டம் காலி. அங்கே போக எழுத வேண்டிய தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1-ஐ அந்தப் பெயரிலேயே எழுதிப் பாஸ் செய்தேன். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு போனால் விசாவில் அந்தப் பெயரைச் சர்நேமாக வைத்துவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள், அங்கே போய்ப் பேங்க் கணக்கிலிருந்து எல்லாவற்றிலும் தொல்லை என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். சரி என்று பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்தேன். அது நல்ல யோசனைதான். வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் சான்றுகளைச் சரிபார்க்கிற அமெரிக்க அமைப்பான இ.சி.எஃப்.எம்.ஜி.யின் பதிவில் பெயரை மாற்றாமல் விட்டது என் தப்பு.

ஜூலையில் அடுத்த தேர்வு, ஸ்டெப் 2 சி.கே. முந்தின நாளே காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னையில் சித்தி வீட்டில் தங்கினேன். ஒன்பது மணி நேரப் பரீட்சை என்று சித்தி விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். தேர்வு மைய வாசலில் அனுமதிச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான், உள்ளே விடவில்லை. கெஞ்சினேன். விதி அவர்கள் பக்கம். நடுப்பெயர் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் பரவாயில்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பரவாயில்லை. கடைசிப் பெயர் மாறினால் முடியவே முடியாது. அந்தச் சாப்பாட்டை சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தேதி மாற்ற மறுபடி பணம் கட்டினேன்.

பதிவில் பெயர் மாறச் சில வாரம் ஆனது. அப்புறம்தான் பட்டச் சான்றிதழ் குறுக்கே வந்தது. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் இனிஷியல், ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து அப்பாவின் முழுப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கல்லூரி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நமக்கு இதைவிடச் சாதாரண விஷயம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

முதல் தடவை செக்‌ஷனில் இருந்தவர் ஃபாரத்தைத் தொடவே இல்லை. "இந்த மாதிரி ஃபாரம் நாங்க பாத்ததே இல்லம்மா, நோட்டரி அபிடவிட் வாங்கிட்டு வா" என்றார். சத்துவாச்சாரி கோர்ட்டில் அரை நாள் நின்று வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போனேன். அதே மனிதர், "இது நீயா எழுதிக் குடுத்தது, இத வெச்சு நாங்க எப்படிம்மா சர்டிஃபை பண்றது?" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்ட தாளைத்தான் கொண்டுபோயிருந்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கையெழுத்துப் போட வேண்டியவரும் அன்றைக்கு ஊரில் இல்லை.

மூன்றாவது தடவை காலை பத்து மணிக்கே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடுகிறவர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்றார்கள். ஏன் இந்தத் துறை என்று விண்ணப்பத்தோடு எழுதித் தர வேண்டிய பர்சனல் ஸ்டேட்மென்ட், அந்த பெஞ்சில்தான் எழுதி முடிந்தது.

அதற்கு முன்னால் இரண்டு தடவை எழுதிக் கிழித்திருந்தேன். முதலாவது, வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரில் தொடங்கியது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தது, அவர் டாக்டருக்குப் படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது, எல்லாம் எழுதியிருந்தேன். அமெரிக்காவில் ரெசிடென்சி மூன்றாம் வருடம் படிக்கிற ஆம்பூர் அண்ணன் ஒருவர் படித்துவிட்டு, "இது ஐடா அம்மாவோட காரணம். உன் காரணம் எங்கம்மா?" என்று கேட்டார். இரண்டாவதில் சவால், ஆர்வம், சேவை என்று வார்த்தைகள்தான் இருந்தன. அதற்கு அவர் பதிலே போடவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நவம்பர் நினைவுக்கு வந்தது. குடியாத்தத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருந்தேன். பீடி சுற்றும் அம்மா ஒருவர், எட்டு நாள் காய்ச்சலோடு வந்தார். சர்க்கரை உண்டு. டெங்கு இல்லை என்று தாள் இருந்தது, டைபாய்டு என்று எங்கேயோ ஊசி போட்டிருந்தார்கள். பிளேட்லெட் குறைந்து மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வருகிற பொது மருத்துவர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "உடம்ப முழுசா பாத்தியாம்மா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, நர்ஸ் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு பார்த்தேன். மார்பு மடிப்புக்குக் கீழே பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லாததால் அந்த அம்மாவுக்கே அது தெரியாது. ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வருகிற காய்ச்சல். சாயங்காலம் புதர்க்காட்டில் ஆடு மேய்ப்பதும் உண்டு என்று அப்புறம் சொன்னார். டாக்சிசைக்ளின் கொடுத்தோம், சில ரூபாய் மருந்து. இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. அதற்குள் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது, கிட்னியும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருந்தது. காய்ச்சல், சர்க்கரை, கிட்னி மூன்றையும் ஒரே ஆளின் உடம்பாகச் சேர்த்துப் பார்த்தவர் அந்த டாக்டர் ஒருவர்தான். அவர் பார்க்கிற மாதிரி நானும் பார்க்கக் கற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். நீட் பிஜி இரண்டு முறை எழுதியும் பொது மருத்துவம் கிடைக்கிற ரேங்க் வரவில்லை. அதனால்தான் இந்த வழி. அதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வந்தார். செக்‌ஷன் மறுபடி இழுக்கப் பார்த்தது. அங்கே தபால் எடுத்துப் போகிற ஒரு அக்கா, "அட்மிஷன் ரெஜிஸ்டர்ல அப்பா பேரு முழுசா இருக்கும், அத எடுத்துக் காட்டச் சொல்லும்மா" என்று காதோடு சொன்னார். எடுத்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் கையெழுத்தும் சீலும் விழுந்தன. அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். ஆகவே அபிடவிட்டுக்கு அலையாதீர்கள், அந்த ரெஜிஸ்டர் பக்கத்தைக் கேளுங்கள்.

ஆனால் அப்போது அக்டோபர். செப்டம்பர் கடைசியிலேயே ரெசிடென்சி நடத்துகிற மருத்துவமனைகள் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஸ்டெப் 2 மதிப்பெண் கையில் இல்லாமல் தாமதமாகப் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வருடம் காத்திருந்தேன். பரீட்சை, ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வு, சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் அந்த இடைவெளியில் சிக்கலில்லாமல் முடிந்தன.

ஸ்டேட்மென்ட் பற்றி ஒன்று. விண்ணப்பம் போடுகிற இராஸ் இணையதளத்தில் அதற்கு 28,000 எழுத்து வரை இடம் இருக்கிறது, அதை நம்பி நீட்டாதீர்கள். ஒரு பக்கம் போதும். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள். எனக்கு ஆறு இன்டர்வியூ வந்தது, நான்கில் அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்டார்கள். "உங்கள் ஊர்க் காய்ச்சல் எங்களிடம் இல்லையே" என்று ஒருவர் கேட்டபோது, சர்க்கரையும் கிட்னியும் இருக்கிறதே என்றேன். அதன் பிறகு பேச்சு நன்றாகப் போனது. எல்லோரும் என்னை டாக்டர் என்று சொல்லி, அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

மார்ச் மூன்றாவது வெள்ளி, யாருக்கு எங்கே இடம் என்று முடிவு வருகிற நாள். நம் நேரத்துக்கு இரவு 9:30. மெயில் வந்தது. இன்டர்னல் மெடிசின், மூன்று வருடம். அப்பா கைலித் தறியிலிருந்து எழுந்து வந்து போனை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். "டாக்டர்னு போட்டு என் பேரு இருக்குதே" என்றார்.

இப்போது அங்கே பயிற்சிக்குப் போவதற்கான ஜே-1 விசாவுக்காக டெல்லி சுகாதார அமைச்சகத்தின் கடிதத்துக்குத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். படிப்பு முடிந்து இரண்டு வருடம் இங்கே திரும்பி வந்து இருக்க வேண்டும் என்ற விதி அதில் உண்டு, எனக்கு அதில் வருத்தம் இல்லை. நேற்று ராத்திரி அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு தாளிலும் அவர் பெயரின் எழுத்துகளை அவரையே விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.