கண்ணாடியை இறக்கியதும் சொன்னது

போன நவம்பரில் ஒரு நாள், வேலை முடிந்து மிச்சிகனில் ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் கிராண்ட் ரிவர் சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. திடீரென்று பின்னால் போலீஸ் விளக்கு. என் வலது இடுப்பில், ஸ்வெட்டருக்குள், பிஸ்டல் இருந்தது.

மருந்துக் கடையில் வேலை எனக்கு. இரண்டு வருடம் முன்பு கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது பார்க்கிங்கில் ஒருவன் கத்தியைக் காட்டிக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம்தான் பயிற்சி வகுப்பு, கைரேகை, துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் எல்லாம். க்ரீன் கார்டு வந்திருந்ததால் முடிந்தது.

இங்கே போலீஸ் வண்டியை நிறுத்தினால், மறைத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர் தானாகவே, உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவையே 500 டாலர் அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். பக்கத்து ஓஹாயோவில் 2022 ஜூனிலிருந்து போலீஸ் கேட்டால் சொன்னால் போதும்.

எப்படிச் சொல்வது என்பதற்கே எங்கள் பயிற்சியாளர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். எடுத்த எடுப்பில் "துப்பாக்கி" என்று ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் காதில் அது மட்டும்தான் விழும் என்பார். முதலில் மறைத்து வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் இருக்கிறது என்பது, பிறகு ஆயுதம் எங்கே இருக்கிறது என்பது, கடைசியில் "நான் என்ன செய்யட்டும்?" அதுவரை கை ஸ்டியரிங்கை விட்டு அசையக் கூடாது.

அன்று உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டேன். குரல் நடுங்கினாலும் வரிசை தப்பவில்லை. "சரி, நீங்கள் அதைத் தொடாதீர்கள், நானும் தொடப்போவதில்லை" என்றார் அந்த இளம் போலீஸ்காரர். அப்போதுதான் உறைத்தது: ஓட்டுநர் லைசென்ஸ் இருந்த பர்ஸ் அதே வலது பக்கப் பாக்கெட்டில். அதையும் சொன்னேன். இடது கையால் மெதுவாக எடுக்கச் சொன்னார். பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம், எச்சரித்து அனுப்பிவிட்டார்.

அந்தச் சில நொடிகள் என் மனதில் இருந்தவர் ஃபிலாண்டோ கேஸ்டில். 32 வயது, மின்னசோட்டாவில் பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளர். 2016 ஜூலை 6 அன்று வண்டியை நிறுத்திய போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்பதுதான் அந்த மாநிலச் சட்டம். போலீஸ்காரர் கேட்கும் முன்பே கேஸ்டில் சொன்னார். முறையான லைசென்ஸும் வைத்திருந்தார். சில நொடிகளில் அந்தப் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார்; கேஸ்டில் இறந்துபோனார். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை. மறு வருடம் நடுவர் குழு அந்தப் போலீஸ்காரரை விடுவித்தது.

"கேட்காதவரை வாயைத் திறக்காமல் இருப்பதுதானே நல்லது?" என்கிறார் என் கணவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்வெட்டர் விலகி அதை அவர்களாகப் பார்ப்பது இன்னும் மோசம். ஓஹாயோவில் நிறுத்தினாலும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் கேஸ்டிலும் சொன்னார், தன்மையாகத்தான் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது இரண்டு லைசென்ஸும் இடது பக்க சன்வைசரில் இருக்கின்றன. மகள் கூட வரும்போது, நான் பேசி முடிக்கும்வரை கையை மடிமேல் வைத்துக்கொள், போனை எடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. ஏன் என்று கேட்டாள். கேஸ்டிலைப் பற்றி அன்றுதான் அவளிடம் சொன்னேன்.